வந்தும் வராத பத்தொன்பது

மார்ச் 9, திங்கள். மாலை 4.40. எண்ணிக்கை: ஏழு. இருக்க வேண்டியது: ஆறு.

அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அம்மாதான் எடுத்தாள். "அவ கோவத்துல இருக்காடா. உனக்கு எழுத்துல இருந்தாத்தானே நம்பிக்கை, எழுதி அனுப்பச் சொன்னா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சரி, எழுதுகிறேன். நாளை செவ்வாய். உங்கள் ஆஸ்பத்திரி வண்டி மருந்து ஏற்ற வரும். அதில் கொடுத்தனுப்பினால் மாலைக்குள் உன் கையில் இருக்கும்.

உன் கோபத்துக்குக் காரணம் போன வாரம் நான் அனுப்பிய நோட்டீஸ். அது உனக்கு அனுப்பியது இல்லை. 'பச்சிளங்குழந்தைகள் வார்டு, பொறுப்பு செவிலியர்' என்ற பதவிக்கு அனுப்பியது. அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருப்பது என் தப்பில்லை.

விஷயம் இதுதான். இந்தத் துறையில் உள்ள எல்லாக் குழந்தை வார்மர்களுக்கும் ஒன்று முதல் இருபத்தாறு வரை நம்பர் போட்டிருக்கிறது. இருபது வார்மர்கள் ஆஸ்பத்திரிகளில், ஆறு என் மத்திய ஸ்டோரில். புத்தகம் அப்படிச் சொல்கிறது. நான் ஜனவரியில்தான் பொறுப்பேற்றேன். வருடாந்திர எண்ணிக்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனாலும் யாரிடமும் சொல்லாமல் போய் எண்ணினேன். ஏழு வருகிறது. மூன்று முறை எண்ணிவிட்டேன். தலைக்கு மேல் ஹீட்டர், கீழே மெத்தை, நான்கு சக்கரம். இதில் எண்ணத் தவறுவதற்கு என்ன இருக்கிறது?

ஏழாவதில் பத்தொன்பது என்று எழுதியிருக்கிறது. பத்தொன்பது உன் வார்டில் இருக்கிறது என்கிறது புத்தகம். ஆறு வருடமாக நீங்களும் 'கைவசம் உள்ளது, வேலை செய்கிறது' என்றே எழுதி அனுப்புகிறீர்கள். இங்கே நிற்பது பத்தொன்பது என்றால் அங்கே எது வேலை செய்கிறது?

ஒரு வரி பதில் போதும். இருக்கிறதா, இல்லையா.

இன்னொன்று. உங்கள் டிரைவரிடம் சொல்லிவை. ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்கும் தனி ரசீது கேட்கிறார். கொடுத்தால் சீல் தெளிவாக இல்லை, இன்னொரு தடவை போடுங்கள் என்கிறார். பிறகு அதை மூன்றாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஊக்கு குத்துகிறார். செவ்வாய்க்கிழமை காலை முழுக்க இதிலேயே போகிறது.

தம்பி

*

மார்ச் 12

மதிப்பிற்குரிய மத்திய ஸ்டோர் அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. 'ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால்' என்ற வரியை எங்கள் வார்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டோம். நேற்று ஒரு குழந்தை பால் குடிக்க அடம்பிடித்தது. ஆயாம்மா அதனிடம், "ஏழு நாளைக்குள்ள குடிக்கலன்னா சிஸ்டரோட தம்பி நோட்டீஸ் விடுவாரு" என்றார். தங்கள் புகழ் பரவிவருகிறது.

டேய் ஸ்கேல், ஒரு போன் பண்ணி "அக்கா, இது என்ன விஷயம்" என்று கேட்டிருந்தால் வாய் வெந்துவிடுமா? நீ ஐந்தாவது படிக்கும்போது வீட்டில் இருக்கும் எல்லாச் சாமானையும் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு திரிந்தாய், நாங்களும் சிரித்துக்கொண்டு பேர் வைத்தோம். அப்போதே பிடுங்கி வைத்திருக்க வேண்டும்.

நீ கேட்ட ஒரு வரி: பத்தொன்பது என் வார்டில் இருக்கிறது, வேலை செய்கிறது, இந்த நிமிஷம் அதில் ஒன்றேகால் கிலோ பெண் குழந்தை ஒன்று தூங்குகிறது. படம் எடுத்து இணைத்திருக்கிறேன், நம்பர் தெரிகிற மாதிரி.

உன்னிடம் நிற்பதைப் போர்வை போட்டு மூடிவிட்டு வேறு வேலையைப் பார். ஏன் எதற்கு என்று நேரில் வரும்போது சொல்கிறேன். எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

டிரைவரைப் பற்றிப் பேசாதே. கேட்டால் கேட்கிற ரசீதைக் கொடு. சீல் இரண்டு முறை குத்தினால் உன் கை தேய்ந்துவிடாது.

அம்மா நீ இளைத்துவிட்டாயா என்று கேட்கிறாள். அதற்கும் அளவு எழுதி அனுப்பு.

அக்கா

*

மார்ச் 16, திங்கள்

அக்கா,

படம் பார்த்தேன். குழப்பம் குறையவில்லை, இரட்டிப்பாகிவிட்டது.

உன் படத்தில் இருக்கும் இயந்திரத்தின் கைப்பிடி வளைந்தது. அப்படிப்பட்ட மாடலை நம் துறை வாங்கியதே இல்லை. இங்கே நிற்பதன் கைப்பிடி நேரானது, பழைய வகை, அடியில் கம்பெனித் தகட்டின் எண் வாங்கிய ரசீதோடு பொருந்துகிறது. ஆக உண்மையான பத்தொன்பது இங்கேதான் இருக்கிறது. உன்னிடம் இருப்பது யார்?

நீலப் பெயிண்டில் யார் நம்பர் எழுதியது என்று நான் கேட்கவில்லை. ஒன்பதுக்கு அவ்வளவு நீளமாக வால் இழுப்பது உலகத்தில் ஒரே ஆள். என் பள்ளிக்கூட நோட்டு அட்டை எல்லாவற்றிலும் அந்த ஒன்பது இருக்கிறது.

இங்கே இருப்பதைத் திறந்து பார்த்தேன். ஹீட்டருக்குப் பழுதில்லை. குழந்தையின் சூட்டை அளக்கும் சென்சார் மட்டும் செத்திருக்கிறது, சுண்டுவிரல் நீளம் இருக்கும். அந்த சென்சார் எட்டாவது ரேக்கில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அதே அறையில். மாட்டினேன், பத்து நிமிடத்தில் சூடேறியது. இதை ஆறு வருடமாக ஏன் யாரும் செய்யவில்லை? எங்கள் ஸ்டோர் கீப்பரிடம் கேட்டால், சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே, "கொறஞ்சா திருட்டுன்னு எல்லாருக்கும் புரியும் சார். கூடுனா என்னன்னு யாருக்கும் புரியாது. அதத் தொடாதீங்க" என்கிறார். இது பதிலா?

நீ சொன்னபடி போர்வை போட்டு மூட முடியவில்லை. சனிக்கிழமையே கம்ப்யூட்டரில் 'கூடுதல், ஒன்று' என்று பதிந்துவிட்டேன். பதியாமல் இருப்பது தப்பு. பதிந்தவுடன் அதுவே தணிக்கைக் குழுவுக்குத் தகவல் அனுப்பிவிட்டது. இருபத்துமூன்றாம் தேதி உன் வார்டுக்கு ஆள் வருகிறார்கள். ரத்து செய்யப் பார்த்தேன். அந்தத் திரையில் ரத்து என்ற பொத்தானே இல்லை.

காகிதம் இல்லாத இயந்திரத்தை விசாரணை முடியும் வரை சீல் வைப்பார்கள். அதுதான் விதி. அதனால் இப்போதாவது எழுது. அது எங்கிருந்து வந்தது?

தம்பி

*

மார்ச் 19

பதிந்துவிட்டு அப்புறம் கேட்கிறாய். நல்லது. நீ கேட்டதால் எழுதுகிறேன். இதை யாருக்கும் காட்டாதே.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே மார்ச் மாதம் பத்தொன்பது ரிப்பேர் ஆனது. எங்களிடம் இருந்தது இரண்டே இரண்டு. அதை எங்கள் வண்டியில் ஏற்றி உங்கள் ஸ்டோருக்கு அனுப்பினோம். அன்றைக்கு அங்கே வருட எண்ணிக்கை. கேட்டை மூடி வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எதையும் எடுத்துக்க மாட்டோம், எண்ணிக்கை நடக்குது" என்றிருக்கிறார்கள். டிரைவர் மத்தியானம் வரை நின்றிருக்கிறார். திருப்பிக் கொண்டுபோனால் டாக்டர் திட்டுவார் என்று கெஞ்சியிருக்கிறார். கடைசியில் யாரோ மனசு இரங்கி, "சரி, அந்த மூலையில விட்டுட்டுப் போ, அப்புறம் பதிஞ்சுக்கறோம்" என்றார்களாம். விட்டுவிட்டு வந்தார். ரசீது கேட்டாரா என்றால், கேட்டார். எண்ணிக்கை நாளில் ரசீது புத்தகம் பூட்டியிருக்கும் என்றார்களாம்.

ஒரு மாதம் கழித்து எழுதினேன், பத்தொன்பது ரிப்பேர் ஆகிவிட்டதா என்று. பதில் வந்தது: 'எங்கள் பதிவேட்டின்படி பத்தொன்பது தங்கள் வார்டில் உள்ளது.' இல்லை, அனுப்பினோம் என்று எழுதினேன். 'பெற்றுக்கொண்டதற்கான ரசீது நகலை இணைக்கவும்.' சரி, புதிதாக ஒன்று கொடுங்கள் என்று எழுதினேன். 'தங்களுக்கு ஒதுக்கிய இரண்டும் தங்களிடம் உள்ளதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை.' நான்கு கடிதம் போட்டேன். நான்காவதற்குப் பதிலே வரவில்லை. மழைக்காலம் வந்தது.

எங்கள் டிரைவரின் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்தது. ஆண் குழந்தை, ஒரு கிலோ கூட இல்லை. இருந்த ஒரே வார்மரில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். எதை எடுத்தாலும் அது போய்விடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார் டாக்டர். வண்டி ஓட்ட வேறு ஆள் இல்லை. அவரே ஓட்டினார். நான் பின்னால், குழந்தையை நெஞ்சோடு வைத்துத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு. மூன்று மணி நேர ரோடு. பாதி வழியில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார்.

அவ்வளவுதான் எழுத முடியும்.

நான்கைந்து மாதம் கழித்துத் தன் சொந்த வேனை விற்று, புது வார்மர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வார்டு வாசலில் இறக்கினார். பேர் எழுதக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். "நான் அன்னிக்கு ரசீது வாங்கியிருந்தா இது இங்க இருந்திருக்கும் சிஸ்டர்" என்றார். அதை மட்டும்தான் சொன்னார்.

நன்கொடை வாங்கத் தலைமை அலுவலக அனுமதி வேண்டும். படிவத்தில் கொடுப்பவர் பேர், காரணம், கையெழுத்து. அவரிடம் போய்க் காரணம் கேட்கச் சொல்கிறாயா? பத்தொன்பது என் வார்டில் இருக்கிறது என்று உங்கள் ஸ்டோர்தான் திரும்பத் திரும்ப எழுதியது. இருக்கிறது என்றீர்கள், நான் இருக்கவைத்தேன். பெயிண்ட் கடையில் நீலம்தான் இருந்தது.

இப்போது சொல், எது உண்மையான பத்தொன்பது?

*

மார்ச் 21, சனி (விரைவுத் தபால்)

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரா? செவ்வாய்தோறும் நான் சலித்துக்கொண்ட ஆளா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக ஸ்டோர் கீப்பரிடம் போனேன். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் குழப்பம்.

"எண்ணிக்கை அன்னிக்கு வந்துச்சு சார். அன்னிக்கு எதுவும் வரக் கூடாது. அதனால வரல."

"அதான் நிக்குதே."

"நிக்குது சார். ஆனா வரல."

"மறுநாள் எழுதியிருக்கலாமே?"

"மறுநாள் எழுதுனா, எண்ணும்போது எங்க இருந்துச்சுன்னு கேள்வி வரும். பழைய ஆபீசர் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னாரு. அடுத்த வருஷம் எழுதுனா, ஒரு வருஷமா எங்க இருந்துச்சுன்னு வரும். அப்புறம் ரெண்டு வருஷமாச்சு. போகப் போக எழுதவே முடியாம போச்சு."

"ஒவ்வொரு வருஷமும் எண்ணுறீங்களே, அப்ப?"

"எண்ணும்போது வெளியே தள்ளி ஷெட்டு ஓரமா நிறுத்திருவோம் சார். வெளியே நிக்கறத எண்ணக் கூடாதுல்ல."

நான் சிரித்துவிட்டேன். பிறகு எதற்குச் சிரித்தேன் என்பது உறைத்து உட்கார்ந்துவிட்டேன். வருடத்தில் ஒரு நாள் வெளியே, மீதி நாள் உள்ளே. ஆறு வருடம். எல்லோரும் விதிப்படிதான் நடந்திருக்கிறார்கள். நானும் விதிப்படிதான் பதிந்தேன். ஒவ்வொரு வரியும் சரி. கூட்டினால் தப்பு வருகிறது. சர்க்யூட்டில் இப்படி வந்தால் எந்த இணைப்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பேன். இதில் எதைக் கழற்றுவது?

நேற்று இரண்டு யோசனை வந்தது. ஒன்று, நீ அந்த நீல நம்பரை அழித்துவிடு. எழுதும்போதே தெரிகிறது, அது மடத்தனம். நம்பரும் இல்லாமல் போனால் அது முழு அநாதை. இரண்டாவது, டிரைவர் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் போதும். அன்று ஸ்டோரில் இறக்கினேன், பிறகு புதிது வாங்கிக் கொடுத்தேன், கையெழுத்து. அரைப்பக்கம். இரண்டு பத்தொன்பதுக்கும் விளக்கம் வந்துவிடும், உன் வேலைக்கும் ஆபத்து இல்லை. திங்கட்கிழமை அவர்கள் வருவதற்குள் கேட்டு வாங்கிவிடு.

நான் கேட்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

தம்பி

*

மார்ச் 23, திங்கள், மாலை

தம்பி,

உன் தபால் காலை பத்து மணிக்கு வந்தது. அவர்கள் பத்தரைக்கு வந்தார்கள்.

வந்தவர் தங்கமான மனுஷன், சத்தம்கூடப் போடவில்லை. கைப்பிடியைப் பார்த்தார், அடித்தகட்டைப் பார்த்தார், "இது எங்களோடது இல்லையேம்மா" என்றார். குழந்தையை எடுக்கும் வரை காத்திருந்தார். பிறகு துணி சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்தார். இப்போது அது வார்டு மூலையில் மூட்டை மாதிரி நிற்கிறது. இரண்டு குழந்தைகளும் ஒரே வார்மரில், எதிரெதிராகத் தலை வைத்து. ஒன்றேகால் கிலோக்காரிக்கு மாலையில் கை கால் கொஞ்சம் சில்லிட்டது. அவள் அம்மாவின் நெஞ்சில் போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன். அந்தப் பெண், "ஏன் சிஸ்டர் அந்த நல்ல மெஷினக் கட்டிப் போட்டுட்டாங்க?" என்று கேட்டது. நீ வந்து பதில் சொல்.

எனக்கும் நோட்டீஸ். நம்பரைப் பொய்யாக எழுதியது ஏன் என்று. இந்த முறையும் ஏழு நாள்தான். உங்கள் எல்லோருக்கும் ஏழு ராசி போல.

டிரைவரிடம் கேட்க மாட்டேன். ஆறு வருடமாக அந்த மனுஷன் யார் எதைக் கொடுத்தாலும் ரசீது வாங்கி ஊக்குப் போட்டு வைத்துக்கொண்டு திரிகிறார். அன்றைக்கு ஒன்று வாங்கவில்லை, அதனால்தான் பிள்ளை போனது என்று நினைக்கிறார். அவரை உட்காரவைத்து, 'அன்று ரசீது வாங்காமல் வந்தேன்' என்று அவர் கையாலேயே எழுதச் சொல்கிறாய். நீ எழுதச் சொல்வாய் என்று நினைக்கவில்லை. வேலை போனால் போகட்டும்.

இதையும் அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன், வேறு வண்டி இல்லை. ஒட்டியிருக்கிறேன். அவர் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை.

அக்கா

*

மார்ச் 24, செவ்வாய். காலை 11.15. எண்ணிக்கை: ஆறு.

அக்கா,

அவர் வாசலில் வண்டியோடு நிற்கிறார். மருந்து ஏற்றியாகிவிட்டது. பத்தொன்பதும் ஏற்றியாகிவிட்டது. ஏற்றும்போது போர்வையை விலக்கிப் பார்த்தார். நேரான கைப்பிடியை ஒருமுறை தொட்டார். திரும்ப மூடிக் கயிறு கட்டினார். "மெதுவா ஓட்டுங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். இத்தனை நாள் அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

இது உன் வார்டின் பத்தொன்பது. புத்தகமும் அதைத்தான் சொல்கிறது, அதனால் இதை யாரும் சீல் வைக்க முடியாது. சென்சார் புதிது. வந்ததும் ஒரு மணி நேரம் காலியாக ஓடவிட்டுப் பார், பிறகு அவளைப் படுக்கவை.

மற்றது எதுவும் எனக்குத் தெளிவாகவில்லை. என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு என்ன செய்வார்கள் என்று தெரியாது. அரக்கு எப்போது பிரிப்பார்கள் என்றும் தெரியாது. ஸ்டோர் கீப்பர் தலையில் அடித்துக்கொண்டு, "சார், வராதத வந்துச்சுன்னு எழுதுனா நம்ம ஸ்டோரே மாட்டும்" என்கிறார். மாட்டட்டும் என்றேன். உங்கள் பேரும் பழைய ஆபீசர் பேரும் வராது, ஸ்டோர் பேர்தான் வரும் என்றேன். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். கோபமா, பயமா தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வண்டியில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தார்.

இனி நான் செய்யப் போவது:

1. பத்தொன்பது ஆறு வருடத்துக்கு முன்னால் ரிப்பேருக்கு இங்கே வந்தது, நாங்கள் பதியவில்லை, உன் மூன்று கடிதங்களுக்குத் தவறான பதில் கொடுத்தோம், நான்காவதற்குப் பதிலே கொடுக்கவில்லை என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதுவேன். என் கையெழுத்து, பதவிப் பெயரோடு.

2. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தணிக்கைக்காரரை இன்று மாலையே நேரில் பார்ப்பேன். தபாலில் அனுப்ப மாட்டேன்.

3. நீலப் பத்தொன்பதுக்கு நன்கொடைப் படிவம் நானே நிரப்புவேன். கொடுத்தவர்: பெயர் சொல்ல விரும்பாதவர். பெறும் அதிகாரி பொறுப்பேற்றால் அப்படி எழுதலாம் என்று விதியில் இருக்கிறது, தேடிப் பிடித்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில், 'வார்டுக்குத் தேவை இருந்தது.'

4. அதற்கு இருபத்தேழு என்று நம்பர் கேட்பேன். கிடைத்ததும் நீயே எழுது. நீலத்தில்.

5. மார்ச் இரண்டாம் தேதி நான் உனக்கு, பதவிக்கு இல்லை, உனக்கு அனுப்பிய நோட்டீஸை வாபஸ் வாங்குவேன்.

6. அம்மாவுக்கு போன் பண்ணுவேன். இரண்டு கிலோ குறைந்திருக்கிறேன். நீ பக்கத்தில் இருந்தால் எடு.

7. இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எழுதக் கை வராமல் கடைசியில் வைத்தேன். இந்தக் கடிதத்தை ஒட்டியதும் ரசீது புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன். தேதி இன்றையதுதான் போடுவேன், பின்தேதி போட மாட்டேன். 'வார்மர் பத்தொன்பது, ஆறு ஆண்டுகளுக்கு முன், எண்ணிக்கை நாளன்று, இந்த ஸ்டோரில் ஒப்படைக்கப்பட்டது. அன்று ரசீது கொடுக்காதது ஸ்டோரின் தவறு.' அவரிடம் எதுவும் கேட்க மாட்டேன். கையில் கொடுப்பேன். சீல் தெளிவாக விழும் வரை குத்துவேன்.